சுர்ரியல்: மூடியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் ஆய்வு செய்யப்படாத பொருள் என்று இன்று எதுவும் மிச்சமில்லை. உலக்கை, உப்பு, உறியடி என எதைத் தொட்டாலும், அதைப் பற்றி யாரோ பட்டம் வாங்கி, ஏடு நூலக அலமாரியில் தூசி படிந்து நிற்கிறது. ஆனால் சோடாவை ஒரு மடக்கு குடித்ததும் நாக்கைக் கிள்ளி, தொண்டையைச் சுரண்டி, மூக்கு வழியாகக் கண்ணுக்கு ஏறும் அந்தச் ‘சுர்’ மட்டும் எந்த நெறியாளரின் கண்ணிலும் படவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

இத்துறைக்குச் ‘சுர்ரியல்’ என்று பெயரிடப்படுகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற வரிசையில் வைத்து இதைப் படிக்க வேண்டும். சிற்றிதழ் வாசகர்கள் வேறு ஏதோ இசத்தை நினைத்துக்கொண்டால் இவ்வாய்வாளர் பொறுப்பல்லர். இக்கட்டுரை புரியும்படியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆய்வுச் சிக்கல் பிறந்த இடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு. விருந்தினருக்காக வாங்கிய 2 லிட்டர் பாட்டிலில் பாதி மிஞ்சி, மூன்று நாள் அங்கே நின்றது. நான்காம் நாள் விருதுநகர்ச் சித்தப்பா வந்தார். 1916இல் காளிமார்க் தொடங்கிய ஊரில் பிறந்தவர் என்ற ஒரே தகுதியால், சோடா விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர் சொல்வதே தீர்ப்பு. மிச்சத்தை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இது என்ன, காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற குளுக்கோஸ் தண்ணியா?”

“இல்ல சித்தப்பா, கூல்டிரிங்க்ஸ்தான். கேஸ் போயிருச்சு போல.”

“கேஸ் எங்கப்பா போகும்? மூடிய எவன் திறந்து போட்டான்னு கேளு.”

உலக அறிவியல் வரலாற்றை ஆறு மாதம் புரட்டிய பிறகு, சித்தப்பாவின் இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் சொல்ல அதிகமில்லை என்றே தெரிகிறது. ஆயினும் ஆய்வேட்டுக்குப் பக்கக் கணக்கு உண்டு. ஆகவே கருதுகோள் முறைப்படி வருமாறு: சோடாவின் வரலாறு வாயுவின் வரலாறு அன்று, மூடியின் வரலாறு.

ஆய்வு எல்லை: பீரும் ஷாம்பெயினும் வரலாற்றுத் தேவைக்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. கள ஆய்வில் அவை சேர்க்கப்படாததற்கு வீட்டில் நிலவும் சூழலே காரணம்.

இயல் 1: சொல்லாராய்ச்சி

எப்பொருளையும் தமிழ்ச் சொல் என்று நிறுவிவிட்டால் பாதி ஆய்வு முடிந்தது என்பது முன்னோர் காட்டிய வழி. அவ்வழியே சென்ற இவ்வாய்வாளர், ‘சோர்வு அடாது’ என்பதே மருவிச் ‘சோடா’ ஆயிற்று என்று ஒரு பிற்பகல் முழுவதும் நம்பினார். மாலைக் காப்பி குடித்ததும் தெளிந்துவிட்டது.

சோடா என்பது சோடியம் உப்புகளுக்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயர். வாயு ஏற்றிய நீரில் அந்த உப்பையும் கலந்து வயிற்றுக்கு மருந்தாக விற்ற 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் பாட்டிலுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு பல சரக்குகளில் உப்பு காணாமல் போனது. பெயர் மட்டும், பெருங்காயம் தீர்ந்த டப்பா மணப்பதுபோல், நின்றுவிட்டது. ஆக, நம் அடுப்படியில் ஆப்பசோடாவில் இருப்பதுதான் அசல் சோடா. பெட்டிக்கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் பெயரளவுச் சோடா.

வண்ணம் சேர்ந்தால் நம் ஊரில் அது ‘கலர்’. பெண் பார்க்கப் போன வீட்டில் “கலர் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால், பெண்ணின் நிறத்தைப் பற்றிய பேச்சாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. இலங்கைத் தமிழருக்குக் கறுப்போ சிவப்போ மஞ்சளோ, எல்லாமே சோடாதான். பெயரில் அவர்கள் சிக்கனக்காரர்கள்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லே இங்கே முக்கியம். தமிழன் கதவைத் திறக்கிறான், பெட்டியைத் திறக்கிறான், ஊறுகாய்ப் பாட்டிலைக்கூடத் திறக்கிறான். சோடாவை மட்டும் உடைக்கிறான். “ஒரு சோடா உடைப்பா” என்ற வாக்கியத்தில் கண்ணாடி எதுவும் உடைவதில்லை. நாம் உடைக்கும் இன்னொரு பொருள் தேங்காய். இரண்டிலும் உள்ளே அடைபட்டுக் கிடப்பது ஒருமுறைதான் வெளிவரும். திரும்ப மூட முடியாது. மூடியே இப்பொருளின் உயிர் என்பதை நம் மொழி எப்போதோ கண்டுகொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இயல் 2: மாவுச்சட்டிக் கோட்பாடு

சுர்ருக்குக் காரணமான வாயு கார்பன் டை ஆக்சைடு. அது அரிய பொருள் அன்று. நாம் விடும் மூச்சில் இருக்கிறது, அடுப்புக்கரி எரியும்போது வருகிறது. இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பாத்திரத்தை மீறி எழுந்து நிற்கிறதே, அதைத் தூக்கி நிறுத்தியதும் இதே வாயுதான். இட்லியில் இருக்கும் ஒவ்வொரு துளையும் ஒரு குமிழி குடியிருந்த வீடு. ஆப்பசோடா போட்ட ஆப்பத்தின் நடுவே தெரியும் சல்லடைக் கண்களும் அவ்வாறே. மரத்திலிருந்து இறக்கிய கள் பானையில் நுரைத்துப் பொங்குவதும் இதன் திருவிளையாடலே.

ஆகவே, நுரைக்கும் பானத்தை முதலில் கண்டவர் யார் என்ற வினா எழுந்தால், தமிழர் என்று எழுதிவிட இவ்வாய்வாளரின் கை துடிக்கிறது. தடையாக நிற்பது ஒன்றே: நாம் கண்டோம், ஆனால் மூடவில்லை. கள்ளுப்பானைக்கு வாய் அகலம். மாவுச்சட்டியின் மேல் வைப்பது ஒரு தட்டு. அதுவும் பல்லி விழாமல் இருக்க.

1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பாதிரியார் குடிவந்தார். பெயர் ஜோசப் பிரீஸ்ட்லி. பின்னாளில் ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவராகப் புகழ்பெற்றவர். அவர் வீட்டை ஒட்டி ஒரு பீர் ஆலை. நொதிக்கும் தொட்டியின் மேலே ஒரு கனமான காற்று படிந்து நிற்பதை அவர் கவனித்தார். எரியும் குச்சியை அதற்குள் இறக்கினால் அணைந்தது. புகை மேலே போகாமல் அந்தக் காற்றிலேயே மிதந்தது. பிறகு அந்தக் காற்றுக்கு நடுவே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் டீக்கடைக்காரர் ஆற்றுவதுபோலவே ஆற்றினார். ஆனால் டீ ஆறும், அந்த நீர் சுர்ரேறியது. குடித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது, நண்பர்களுக்கும் கொடுத்தார்.

பிரீஸ்ட்லிக்கு வாய்த்தது பீர்த்தொட்டி. நம் பாட்டிமார்க்கு வாய்த்தது மாவுச்சட்டி. வாயு ஒன்று, நொதிப்பு ஒன்று. மாவுச்சட்டியின் மேல் ஒரு செம்புத் தண்ணீரைப் பிடிக்க யாருக்கும் தோன்றாததால், லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பிரீஸ்ட்லிக்குப் போயிற்று. நம் பாட்டிமார் அந்த வாயுவை இட்லிக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். பசி என்ற கோணத்தில் பார்த்தால் அவர்கள் முடிவே சரி.

இயல் 3: அடைத்தோர் வரலாறு

இத்துறையின் மூலவர் பிரஸ்ஸல்ஸ்காரரான ஜான் பாப்டிஸ்ட் ஃபான் ஹெல்மான்ட். ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகுக்கு அளித்தவர் அவர்தான். கரியை எரித்தால் வெளியேறும் அந்த வஸ்துவை எந்தப் பாத்திரத்திலும் அடைத்து வைக்க முடியவில்லை என்பதால், குழப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் ஒலியை ஒட்டி அப்படிப் பெயரிட்டார். அவர் எழுத்துகள் அவர் இறந்தபின் 1648இல் நூலாக வந்தன. ஆய்வுலகம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ‘கேஸ்’ என்ற சொல் பிறந்ததே மூடி இல்லாத ஏக்கத்தில்தான். “கேஸ் போயிருச்சு” என்று நாம் சொல்வது கூறியது கூறல், போவதுதான் கேஸ்.

1750களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக், சுண்ணாம்புக் கல்லுக்குள் இவ்வாயு கட்டுண்டு கிடப்பதைக் கண்டு அதைப் ‘பிணைந்த காற்று’ என்றார். அமிலம் ஊற்றினால் கட்டு அவிழும். இதைப் பிடித்துக்கொண்ட பிரீஸ்ட்லி, பீர்த்தொட்டியை விட்டுவிட்டு, சுண்ணக்கட்டியும் கந்தக அமிலமும் கொண்டு சுர்நீர் செய்யும் முறையை 1772இல் சிறு நூலாக வெளியிட்டார். நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்றும் நம்பினார். ஆகவில்லை, அந்நோய்க்கு வேண்டியது எலுமிச்சம்பழம். எலுமிச்சை பிழிந்த சோடாவைப் பரிந்துரைத்திருந்தால் பாதிரியார் தப்பித்திருப்பார் என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான கருத்து.

வாயுவைச் சேர்த்துப் பிடிக்க பிரீஸ்ட்லி பயன்படுத்தியது விலங்கின் மூத்திரப்பை. ஜான் மெர்வின் நூத் என்ற மருத்துவர் அந்த நீரைக் குடித்துப் பார்த்து, பையின் பூர்வாசிரம வாசனை வருகிறது என்று குறை சொன்னார். சொன்னதோடு நில்லாமல், முழுக்கக் கண்ணாடியாலான கருவி ஒன்றை வடிவமைத்து 1775இல் வெளியிட்டார். தோல்பையிலிருந்து கண்ணாடிக்கு மாறிய இந்தப் பெருந்தாவலுக்குக் காரணம் ஒரு முகச்சுளிப்புதான்.

பிரீஸ்ட்லி காப்புரிமை கேட்கவில்லை, கடை போடவில்லை. கடை போட்டவர் ஜெனீவாவில் கடிகாரமும் நகையும் செய்துகொண்டிருந்த யாக்கோப் ஷ்வெப். 1783இல் அவர் நிறுவனம் தொடங்கி, 1792இல் லண்டனுக்கு வந்தார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில்களை விற்றது. கண்டுபிடித்தவர் பாதிரியார், காசு பார்த்தவர் நகைக்கடைக்காரர். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

ஷ்வெப்புக்குத் தலைவலி தந்தது வாயு அன்று, தக்கை. நிமிர்த்தி வைத்த பாட்டிலில் தக்கை காய்ந்து சுருங்கும்; சுருங்கினால் வாயு நழுவும். எனவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாமில்டன் என்பவர் பெயரால் அடிப்பாகம் முட்டைபோல் கூம்பிய பாட்டில் பரவியது. அதை நிற்க வைக்கவே முடியாது. படுக்கத்தான் வைக்க வேண்டும். படுத்தால் தக்கை எப்போதும் நனைந்திருக்கும். தக்கை காயக் கூடாது என்பதற்காகப் பாட்டிலின் அடியையே செதுக்கி எறிந்த வரலாறு இது.

ஷாம்பெயின்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். குமிழியைக் கண்டுபிடித்தவர் என்று விளம்பரங்களில் புகழப்படும் துறவி டாம் பெரிஞ்ஞோன் உண்மையில் குமிழி வராமல் தடுக்கப் பாடுபட்டவர். பாட்டிலுக்குள் மறுபடி நொதித்துவிட்டால் ஒன்று வெடிக்கும், அதன் துண்டு பட்டுப் பக்கத்துப் பாட்டில் வெடிக்கும். நிலவறைத் தொழிலாளிகள் முகத்துக்கு இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு நடமாடினார்கள். சுர் என்பது பண்புள்ள பொருள் என்று எண்ணுவோர் இதை மனத்தில் கொள்க.

இயல் 4: கோலி

இந்தச் சிக்கலையெல்லாம் ஒரு கண்ணாடி உருண்டையால் தீர்த்தவர் லண்டன் பொறியாளர் ஹைரம் காட். அவர் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றது 1872இல். கழுத்துக்குள் ஒரு ரப்பர் வாஷர், கழுத்துக்குக் கீழே ஓர் இடுக்கு, இடுக்குக்கு மேலே ஒரு கோலி. அவ்வளவுதான்.

இதன் தத்துவத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தத்தோடு நிரப்புவார்கள். கோலி உருண்டு வாஷரில் போய் உட்காரும். பாட்டிலை நிமிர்த்தினாலும் கோலி கீழே இறங்காது. உள்ளிருக்கும் வாயு அதை மேல்நோக்கி நெட்டிக்கொண்டே இருக்கும். தப்பிக்கத் துடிக்கும் வாயுவே தன் சிறைக்கதவைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு முண்டுகிறதோ அவ்வளவு இறுகுகிறது. காவலுக்குக் கைதியையே நிறுத்திய இந்த ஏற்பாட்டை மெய்ப்பொருள் நூலார் எவரும் எடுத்தாளவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

உடைப்பவர் கையை அருகிலிருந்து பார்த்தவர்க்கு இது தெரியும். மரக்கட்டையைப் பாட்டில் வாயில் பொருத்தி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. கீச்சென்று ஒரு சத்தம். கோலி இடுக்கில் விழுந்து கிணுகிணுக்கும். கழுத்தில் மெல்லிய புகைபோல் ஒன்று எழுந்து மறையும். வாயு சட்டென்று விரிந்து குளிர்வதால் உண்டாகும் மூடுபனி அது. அண்ணாந்து குடிக்கும்போது கழுத்தின் உட்புறம் துருத்தி நிற்கும் இரண்டு புடைப்புகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பாட்டிலைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கோலி அவற்றில் தட்டி நிற்கும். மாற்றிப் பிடித்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைக்கும்; சட்டை நனையும்; கடைக்காரர் சிரிப்பார். முதல்முறை குடிப்பவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

கோலி பாட்டிலுக்கு ஒரே எதிரி சிறுவர்கள். பிரிட்டனில் பையன்கள் கோலிக்காகவே பாட்டில்களை உடைத்துத் தள்ளினார்கள். நம் ஊரிலும் நடந்தது அதுவே. பச்சை நிறக் கோலி ஒன்றைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு பையனை இவ்வாய்வாளர் மிக நெருக்கமாக அறிவார்; மேலும் தகவல் தர இயலாத நிலையில் உள்ளார்.

இங்கிலாந்து காட் பாட்டிலை எப்போதோ மறந்துவிட்டது. ஜப்பானில் அலெக்சாண்டர் கேமரூன் சிம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1884இல் கோபே நகரில் விற்கத் தொடங்கிய ‘ராமுனே’ இன்றும் கோலியோடுதான் வருகிறது. வட இந்தியாவில் அது ‘பண்ட்டா’. தமிழ்நாட்டில் திருவிழாக் கடைகளிலும் கல்யாண வாசலிலும் பன்னீர் வாசனையோடு திரும்பி வந்திருக்கிறது.

கோலியை ஒழித்தது 1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி. முதலில் அதற்கு 24 பற்கள், இப்போது 21. சந்தேகம் இருப்பவர் எண்ணிப் பார்க்கலாம். அம்மூடியைக் கல்லால் தட்டிச் சப்பையாக்கி, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து, இழுத்து இழுத்து ‘விர்’ரென்று சுழல விட்டவர்கள் நம் பிள்ளைகள். கோலி போனாலும் விளையாட்டு போகவில்லை. மூடி எந்தக் காலத்திலும் குடித்தவருக்கு அன்று, பிள்ளைகளுக்கே சொந்தம்.

இயல் 5: சுர் இருக்கும் இடம்

சுர் என்பது குமிழி வெடிப்பது என்பது உலக வழக்கு. நாக்கில் குமிழிகள் பட்பட்டென்று உடைவதால்தான் கிள்ளுகிறது என்று சித்தப்பாவும் நம்புகிறார். ஆய்வுலகம் இங்கே அவரோடு மாறுபடுகிறது.

பிலடெல்பியாவின் மோனெல் மையத்து ஆய்வாளர்கள், 2013இல் வெளிவந்த ஆய்வுக்காக, ஆட்களை அழுத்த அறைக்குள் உட்கார வைத்துச் சோடா குடிக்கக் கொடுத்தார்கள். வெளியே அழுத்தம் அதிகம் இருந்தால் குமிழி உண்டாகாது. குமிழியே இல்லாத சோடாவும் அதே சுர்ரோடுதான் இருந்தது. குமிழி வெறும் மேளதாளம். கல்யாணம் நடப்பது வேறு இடத்தில்.

நடப்பது இதுதான். நாக்கின் புளிப்புணரும் செல்களின் மேல் ஒரு நொதி இருக்கிறது. கரைந்த கார்பன் டை ஆக்சைடை அது அங்கேயே அமிலமாக மாற்றுகிறது. செல் அதைப் புளிப்பென்று அறிவிக்கிறது. இது 2009இல் நிறுவப்பட்டது. கூடவே, வலியை உணரும் நரம்புகளும் அமிலத்தால் சீண்டப்படுகின்றன. கடுகின் காரத்தை நமக்குச் சொல்லும் அதே உணர்வி இங்கேயும் வேலை செய்கிறது. ஆக, சுர் என்பது பாதி புளி, பாதி கடுகு. தாளித்த புளிக்குழம்பை ருசிக்கும் ஒரு சமூகத்துக்குச் சோடா பிடித்துப்போனதில் மர்மம் ஏதுமில்லை.

மலையேறுவோர் உயரத்தில் வரும் மயக்கத்துக்கு அசெட்டசோலமைடு என்ற மாத்திரை போடுவதுண்டு. அது அந்த நொதியை முடக்கிவிடும். விளைவு: சிகரம் தொட்ட மகிழ்ச்சியில் பீரை உடைத்தால் சப்பென்று இருக்கும். பாட்டிலில் வாயு அப்படியே இருக்கிறது, நாக்குதான் மூடிக்கொண்டது. எப்படிப் பார்த்தாலும் மூடிக்கே வந்து நிற்கிறோம்.

குமிழிக்கும் ஒரு நியாயம் உண்டு. சுத்தமான, வழவழப்பான கண்ணாடியில் குமிழி எளிதில் பிறக்காது. பிறக்க ஒரு கீறல், ஒரு தூசி, துடைத்த துணியிலிருந்து ஒட்டிய ஒரு நூலிழை வேண்டும். அந்த இழைக்குள் சிக்கிய துளிக் காற்றிலிருந்துதான் குமிழிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. தம்ளரில் ஒரே இடத்திலிருந்து முத்துச்சரம்போல் குமிழி எழுவது அழகுதான். அந்த இடம் சரியாகத் துடைக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று. உப்பு சோடா போடுபவர் இதை நன்கு அறிவார். தம்ளரில் உப்பைப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து, சோடாவை ஊற்றியதும், உப்புக் கல் ஒவ்வொன்றும் ஆயிரம் வாசலைத் திறந்துவிட, நுரை விளிம்பைத் தாண்டி வழியும். அந்த நொடியில் தம்ளரைச் சட்டென்று நம் பக்கம் நீட்டி, வழிவது நம் கையில் வழியும்படி பார்த்துக்கொள்வதே தொழில் நுணுக்கம்.

இயல் 6: கள ஆய்வு

இனி மூன்று நாள் பழைய பாட்டிலுக்கு வருவோம்.

1803இல் மான்செஸ்டரின் வில்லியம் ஹென்றி ஒரு விதி சொன்னார்: நீரில் எவ்வளவு வாயு கரையும் என்பது, நீருக்கு மேலே அதே வாயு எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. குளிர்ந்தால் அதிகம் கரையும். 0 டிகிரியில் 1 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். 25 டிகிரியில் அது பாதிக்கும் கீழே. ஒரு கோலா பாட்டிலில் பானத்தைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் வாயுவை அடைத்திருப்பார்கள். வெயிலில் நிற்கும் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். மூடியைத் திருகிய கணம் மேலே இருந்த அழுத்தம் போய்விடுகிறது. வெளிக் காற்றில் இந்த வாயு 10,000 பங்கில் 4 பங்குதான். உள்ளிருப்பதெல்லாம் வெளியேறியே தீரும். எவ்வளவு வேகமாக என்பதே கேள்வி.

இதைத் தடுக்க எங்கள் வீட்டில் மூன்று மரபுகள் நிலவுகின்றன.

முதலாவது அம்மாவின் நசுக்கல் மரபு. மிச்சம் இருக்கும் மட்டம்வரை பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கி, காற்றை வெளியேற்றி, மூடிவிடுவது. “காத்து இருந்தாத்தானேடா கேஸ் போகும்?” என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் பாட்டில் பழையபடி உப்பி நிற்கும். உப்ப வைத்தது எது? சோடாவிலிருந்து வெளியேறிய வாயுவேதான். காலி இடம் திரும்ப அவ்வளவே ஆகிவிட்டதால் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை.

இரண்டாவது மகனின் தலைகீழ் மரபு. பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் வாயு மூடிக்குப் போக வழியில்லை என்பது அவன் கண்டுபிடிப்பு. கவிழ்த்தாலும் காலி இடம் காலி இடம்தான். இப்போது அது அடிப்பக்கம் இருக்கிறது, அவ்வளவே. மூடி தளர்ந்திருந்த ஒருநாள், கீழ்த்தட்டிலிருந்த கத்தரிக்காய்க்கும் கொத்தமல்லிக்கும் கோலா அபிஷேகம் நடந்தது. அம்மரபு அன்றோடு தடைசெய்யப்பட்டது.

மூன்றாவது என் மனைவியின் மரபு: “எதுக்கு 2 லிட்டர் வாங்குறீங்க? சின்னதா நாலு வாங்கலாம்ல?” ஆய்வு நோக்கில் இதுவே சரி. திறக்காத பாட்டிலில் திறப்பதால் வரும் இழப்பு இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவும் வாயு மெல்ல மெல்லக் கசியும்; சின்ன பாட்டிலில் கொள்ளளவைப் பார்க்கச் சுவர் அதிகம்; எனவே மாதக்கணக்கில் வைத்தால் சின்னதுதான் முதலில் இளைக்கும் என்று நான் விளக்கினேன். “மாசக்கணக்கா யாரு வைக்கப் போறா?” என்று பதில் வந்தது. அத்துடன் வாய்மொழித் தேர்வு நிறைவுற்றது.

இதையெல்லாம் ஓர் ஆய்வா என்று கேட்போர்க்கு ஒரு முன்னுதாரணம். குலுங்கிய டின்னின் பக்கத்தில் விரலால் நாலு சுண்டு சுண்டிவிட்டுத் திறந்தால் பொங்காது என்ற நம்பிக்கையைச் சோதிக்க, டென்மார்க்கில் ஆய்வாளர்கள் 1,000க்கும் மேற்பட்ட பீர் டின்களைக் குலுக்கி, சுண்டி, திறந்து, எடை போட்டுப் பார்த்தார்கள். முடிவு: சுண்டுவதால் பயனில்லை, சும்மா வைத்துவிட்டால் தானே அடங்கும். இதுபோன்ற நிதி ஒதுக்கீடு நம் பல்கலைக்கழகங்களுக்கும் கிடைக்குமாயின் ஆய்வு மாணவர் பற்றாக்குறை ஒரே நாளில் தீரும்.

இயல் 7: ஏப்பம்

உள்ளே போன வாயு என்ன ஆகிறது? 300 மில்லி பாட்டிலில் மூன்றரை மடங்கு என்றால் ஏறக்குறைய 1 லிட்டர் வாயு. ஊற்றும்போது கொஞ்சம் போகும், வாயில் கொஞ்சம் போகும். மீதி வயிற்றின் சூட்டில் விரிந்து, வந்த வழியே திரும்பும்.

பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சோடா குடித்து, நீண்ட ஏப்பம் ஒன்று விட்டு, “அப்பாடா, செரிச்சிருச்சு” என்று சித்தப்பா சாய்ந்து உட்காரும் காட்சியை இவ்வாய்வாளர் பலமுறை பதிவு செய்திருக்கிறார். தரவு சரி; முடிவு தவறு. வெளிவந்தது பிரியாணியின் கணக்கன்று. ஐந்து நிமிடத்துக்கு முன் காசு கொடுத்து வாங்கி உள்ளே அனுப்பிய அதே வாயு. ஏப்பம் செரிமானச் சான்றிதழ் அன்று, சோடாவுக்கான ரசீது.

இதைச் சித்தப்பாவிடம் எடுத்துரைத்தேன்.

“அப்ப மூடி நம்ம வயித்துக்கும் இல்லேங்கிற?”

“ஆமா சித்தப்பா.”

“நல்லவேளை” என்றார்.

மூடி இல்லாமையின் பயனைச் சொல்லும் இந்த ஒரு சொல்லை ஆய்வேட்டின் எதிர்வாதமாக முறைப்படி ஏற்றுக்கொள்கிறேன்.

முடிவுரை

இவ்வாய்வு கண்ட முடிவுகள் வருமாறு. வாயு எங்கும் இருந்தது; மாவிலும் கள்ளிலும் கரியிலும் இருந்தது; யாரும் காசு கொடுக்கவில்லை. அதைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைக்கத் தோல்பை, கண்ணாடிக் கருவி, நனைந்த தக்கை, கோலி, 21 பல் தகரம், திருகு மூடி என்று 250 ஆண்டுகள் ஆயின. கடையில் நாம் கொடுக்கும் விலை தண்ணீருக்கும் அன்று, வாயுவுக்கும் அன்று. இந்த 250 ஆண்டு மூடிக்கு. அதைத் திறந்த கையோடு எங்கோ வைத்துவிட்டு, பிறகு “கேஸ் போயிருச்சு” என்று பாட்டிலைக் குறை சொல்வது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

மேலாய்வுக்குரிய களங்கள் பல உள. மேடைப் பேச்சாளருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதால் பேச்சு நீளுமா குறையுமா என்பது அவற்றுள் அவசரமானது. வருங்கால ஆய்வாளர் எவரேனும் அதை எடுத்துச் செய்க.

ஃபிரிட்ஜ் கதவில் மூடி தளர்ந்த பாட்டிலை மூன்று நாள் நிறுத்தி வைத்தவர் யார் என்ற முதல் வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டது. விருந்தினர் வந்துபோன அன்றிரவு எல்லாரும் தூங்கிய பின் எழுந்து போய் ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்தவர் இவ்வாய்வாளரே. ஆகவே வாசகர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இராத்திரி இருட்டில் குடித்தாலும், படுக்கப் போகுமுன் மூடியை இன்னும் ஒரு திருகு திருகிவிட்டுப் போங்கள்.